கிடையில் பிறந்து விடுதியில் வளர்ந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், செம்மறி ஆட்டுக்கிடை போட்டுப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். 1989 முதல் 1994 வரை, ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு முடிய, கண்டிப்புக்குப் பேர்போன ஒரு விடுதிப் பள்ளியில் இருந்தேன். இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். மே மாதம் பிறந்தால் போதும், "பையனை ஆஸ்டல்ல போடலாம்னு இருக்கோம், நீ என்னப்பா சொல்ற?" என்று சொந்தபந்தத்திலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். கல்லூரிப் பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக வந்து கேட்பதும் உண்டு. சொன்னதையே சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். பள்ளியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அங்கே எனக்கு வாத்தியாராக இருந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை, இருப்பவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

கிடை என்றால் ஆட்டுப் பண்ணையா?

இல்லை. பகலெல்லாம் மேய்த்த ஆடுகளை ராத்திரி ஒருவருடைய வயலில் அடைத்துப் போடுவதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு எரு. மறுநாள் பட்டியைப் பிடுங்கிப் பக்கத்துத் துண்டில் ஊன்றுவோம். வயல் முழுக்க அப்படி முடிந்ததும் அடுத்த வயல், அடுத்த ஊர். "ஆட்டுப் புழுக்கை அவ்வருசம், மாட்டுச் சாணம் மறுவருசம்" என்று வயல் வைத்திருக்கும் சம்சாரிகளே சொல்வார்கள். போட்ட போகத்திலேயே ஆட்டு எரு வேலை காட்டும் என்று அர்த்தம். இதில் மூத்திரம்தான் பெரிய லாபம். வண்டியில் குப்பை அடித்தால் அது வராது, கிடை போட்டால்தான் அந்த மண்ணிலேயே ஊறும்.

நாலைந்து குடும்பத்து ஆடுகள் சேர்ந்தால் ஒரு கிடை. சில நூறும் இருக்கும், ஆயிரத்தைத் தாண்டியும் இருக்கும். யாருடைய ஆடு என்று தெரிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காது வெட்டு உண்டு. எங்களுடையது வலது காது நுனியில் ஒரு பிளவு. கிடைக்குத் தலைவர் கீதாரி. எந்த ஊருக்குப் போவது, யாரிடம் பேசி முடிப்பது, எந்தக் குளத்தில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது, எல்லாம் அவர் தலையில். என் தாத்தா கீதாரி. அவருக்குப் பிறகு அப்பா ஒரே ஒரு வருடம் இருந்தார், அதோடு சரி. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எங்கிருந்து எங்கே போவீர்கள்?

தை அறுவடை முடியும் நேரம் பார்த்துத் தஞ்சாவூர்ப் பக்கம். புதுக்கோட்டை வழியாக ஒரத்தநாடு, மன்னார்குடி, திருவாரூர் என்று போகும். எல்லாம் நடைதான். குட்டிகளையும் சட்டிபானைகளையும் சுமக்க ஒரு கழுதை இருந்தது. மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் அங்கேதான் பிழைப்பு. அறுத்த வயல் எல்லாம் நமக்குத்தான் என்று நினைத்துவிட முடியாது. பாதி வயலில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். அதில் பத்து ஆடு இறங்கினால் அன்றைக்குப் பஞ்சாயத்து.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. தண்ணீர் வந்து குறுவைக்கு உழவு போட்டுவிட்டால் ஆட்டுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. மேட்டுப் பக்கம் ஏறிவிடுவோம். ஐப்பசி மழைக்குள் சொந்த ஊர். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில்தான் என்பதால், வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தாலே எனக்கு அடிவயிறு கலங்கும். ஊரெல்லாம் பூப்போட்டுக் கும்பிடும் தண்ணீர் அது. நான் மட்டும் அதைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

டெல்டாக்காரர்களுக்கு நாங்கள் எல்லோருமே "ராமநாட்டு ஆட்டுக்காரங்க". 1985 வரைக்கும் எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது, அதனால் தப்பும் இல்லை.

ஐந்தாம் வகுப்பு வரை எப்படிப் படித்தீர்கள்?

பாதிதான் படித்தேன். மழைக்காலத்தில் ஊரில் இருக்கும்போது பள்ளிக்கூடம், தை பிறந்தால் கிடை. சில வருடம் அப்பத்தாவோடு என்னை ஊரில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்பத்தாவுக்குக் கண் மங்கல். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேனா, கண்மாய்க்குப் போனேனா என்று அவருக்குத் தெரியாது. ஒற்றை வாத்தியார் பள்ளி அது. மாசக்கணக்கில் காணாமல் போனாலும் அவர் என் பேரை அடிக்காமல் வைத்திருந்தார். சட்டப்படி அது சரியா என்று இப்போது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அடித்திருந்தால் இன்று இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அப்புறம் ஏன் விடுதி?

ஒரு மூன்று ராத்திரிக் கணக்கால்.

தாத்தா முடியாமல் படுத்த வருடம் அப்பா கீதாரியாக நின்றார். மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு பெரிய பண்ணையில் கிடை. ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேச்சு, கூலி கடைசியில் மொத்தமாக நெல்லாகவும் கொஞ்சம் பணமாகவும். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ராத்திரிக்கு ஒரு முடிச்சாகக் கயிற்றில் போட்டு இடுப்பில் வைத்திருந்தார். கயிற்றில் பதினான்கு முடிச்சு. பண்ணைக் கணக்கு நோட்டில் பதினொன்று. அந்த நோட்டின் அடியில் அப்பாவின் கைநாட்டும் இருந்தது. எதற்கு வைத்தோம் என்றே தெரியாமல் வைத்திருக்கிறார். கயிற்றை எடுத்துக் காட்டியபோது திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன், பத்து வயசு.

மற்ற குடும்பங்களின் பங்கை அப்பா நாலு ஆட்டை விற்றுக் கொடுத்தார். அதற்குப் பிறகு கீதாரி என்று யார் கூப்பிட்டாலும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். "நம்மள்ல ஒருத்தனாச்சும் எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் வேணும்" என்று அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் தூங்கவில்லை. அடுத்த ஜூனில் தகரப் பெட்டியோடு விடுதி வாசலில் நின்றேன்.

முதல் ராத்திரி எப்படி இருந்தது?

சத்தமே இல்லாமல் இருந்தது. கிடையில் ராத்திரி என்பது ஆடு அசைபோடும் சத்தம், இருமல், ஏதாவது ஒரு குட்டியின் முனகல், நாய் உடம்பை உதறுவது. அதெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் தூக்கம் வரும். திடீரென்று எல்லாம் அடங்கினால் ஆடு எதையோ கவனிக்கிறது என்று அர்த்தம். நரியாக இருக்கும், திருடனாகவும் இருக்கும். தூக்கத்திலும் அந்த அமைதி நம்மை எழுப்பிவிடும். அப்படி எழும்பப் பழகிய உடம்பை நாற்பது பையன்கள் படுத்திருக்கும் ஒரு ஹாலில் போட்டால் என்ன ஆகும்? விளக்கை அணைத்ததும் அமைதி. நான் எழுந்து உட்கார்ந்தேன். வார்டன் வந்து படுக்கச் சொன்னார். படுத்தேன், மறுபடி எழுந்தேன். மூன்றாவது முறை பிரம்பால் விழுந்தது. ஏன் எழுந்தாய் என்று கேட்டார். "சத்தம் கேக்கலை சார்" என்றேன். அதற்கும் ஒன்று விழுந்தது.

எவ்வளவு கண்டிப்பு? அடிப்பார்களா?

அடிப்பார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய செய்தியும் இல்லை. காலை ஐந்து மணிக்கு மணி. ஐந்தரைக்குள் முகம் கழுவிப் படிப்பு ஹாலில் இருக்க வேண்டும். பிந்தியவன் முட்டி போட வேண்டும். சாப்பிடும்போது பேச்சு கிடையாது. முடி விரலுக்கு அகப்படக் கூடாது. வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஒட்டாமல் வார்டனிடம் கொடுக்க வேண்டும், படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். என் வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை என்பதால் நான் எழுதிய கடிதங்களை உருப்படியாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு மேல் எழுதுவதை நிறுத்திக்கொண்டேன்.

அப்பா முதன்முதலாகப் பார்க்க வந்தபோது காவலாளி வாசலில் நிறுத்தி, கையில் இருந்த கம்பை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார். "பள்ளிக்கூடத்துக்குள்ள கம்போட வரப்படாது." அப்பா மறுபேச்சுப் பேசாமல் சுவரில் சாத்திவிட்டு வந்தார். அந்தக் கம்பால் அவர் என்னை ஒருநாளும் தொட்டதில்லை. ஆட்டையும் அடித்தது கிடையாது. முன்னால் நீட்டிக் காட்டினால் ஆடு திரும்பிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை.

"நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வாத்தியார்கள் திட்டுவார்களே, அதைக் கேட்டால் எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது, முதல் தடவை. கணக்கு வாத்தியார் முன் பெஞ்சுப் பையனைப் பார்த்து அப்படிச் சொன்னதும், "இவன் எங்க ஆளா?" என்று திரும்பிப் பார்த்தேன். டவுன் பையன், கடைக்காரர் மகன். அவன் அழுதான். எனக்குப் புரியவில்லை. மாடு மேய்ப்பது லேசு என்று யார் சொன்னது? ஒரு வேளை நாற்பது மாட்டை அவனிடம் கொடுத்தால் சாயங்காலம் நாற்பதையும் கொண்டுவருவானா என்றுதான் யோசித்தேன்.

அது வசவு என்று உறைக்க ஒரு மாசம் ஆனது. அப்புறம்தான் வலித்தது. என்னைத் திட்டியதால் வந்த வலி அல்ல, அந்தச் சொல் என்னை நோக்கி அபூர்வமாகத்தான் வரும். ஊரே தன் பிள்ளையைப் பயமுறுத்த எடுத்து வைத்திருக்கும் பூச்சாண்டி என் அப்பாதான் என்று தெரிந்ததுதான் வலி. இன்றும் வகுப்பறைகளில் இது ஓடிக்கொண்டிருக்கிறது. சொல்கிற வாத்தியார்களுக்கு ஒரு செமஸ்டர் கிடையில் வேலை போட்டால் நன்றாக இருக்கும்.

மற்ற பையன்கள் கேலி செய்தார்களா?

வாடை என்றார்கள். ஆட்டு வாடை. என்மேல் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. லைஃப்பாய் சோப்பை ஒரே வாரத்தில் கரைத்தேன். பெட்டியிலிருந்த சட்டை, போர்வை எல்லாவற்றையும் துவைத்தேன். கொஞ்ச நாளில் கேலி நின்றுவிட்டது.

புரட்டாசியில், காலாண்டுப் பரீட்சை சமயம், அப்பா வந்தார். மேலே சொன்னேனே, கம்பை வாசலில் வைத்த நாள். வராண்டாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். அப்போது எனக்கு அடித்தது. ஆட்டு வாடை. பதினொரு வருடமாக நான் மூச்சு விட்ட காற்று, அன்றைக்குத்தான் அதை வாடை என்று என் மூக்கு சொன்னது. நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். நாலு விரல்கடை இருக்கும். அப்பா கவனித்தாரா என்று தெரியாது, சீயத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். விடுதியில் பட்ட அடிகளில் பாதிக்கு மேல் மறந்துவிட்டது. அந்த நாலு விரல்கடை மறக்கவில்லை.

சாப்பாடு எப்படி?

குறை சொல்ல மாட்டேன். மூன்று வேளையும் நேரத்துக்குக் கிடைத்தது. சாம்பார் தண்ணீராக இருந்தது என்று எல்லா விடுதிக்காரரும் சொல்வார்கள், எங்களுடையதும் அப்படியே. மாசத்துக்கு ஒருமுறை ஆட்டுக்கறி. மற்றவர்கள் அடித்துப் பிடித்துச் சாப்பிடுவார்கள். நான் ஒரு துண்டைக் கடித்ததுமே, கடைப்பல் தேய்ந்த கிழட்டுப் பெட்டை என்று கண்டுபிடித்துவிடுவேன். இளங்கறிக்கான காசு யார் பையிலோ போயிருக்கிறது. வெளியே சொல்லவில்லை.

விடுமுறையில் கிடையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? போன் இல்லாத காலமாயிற்றே?

அப்பா யாராவது டீக்கடைக்காரரிடம் சொல்லி ஒரு போஸ்ட் கார்டு போடச் சொல்வார். கார்டு வந்து சேர்வதற்குள் கிடை இரண்டு ஊர் தாண்டியிருக்கும்.

ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்து போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் பட்டுக்கோட்டை வரை கூட வந்தார். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டீக்கடையில் "ராமநாட்டு ஆடு எந்தப் பக்கம் கெடக்கு?" என்று கேட்டேன். கிழக்கே என்றார்கள். இரண்டு மைல் நடந்ததும் தார் ரோட்டில் புழுக்கை. மிதித்துப் பார்த்தேன், பொடிந்தது, அப்படியென்றால் நேற்று. இன்னும் கொஞ்ச தூரத்தில் பளபளப்பாக, விரலில் ஒட்டும் புழுக்கை. காலையில் போயிருக்கிறார்கள். ஒரு வாய்க்கால் மதகுப் பக்கம் மண்ணில் குளம்புத் தடம் இடதுபுறம் இறங்கியது. ஒடித்துப் போட்ட கருவேலங்கிளை, காய் எல்லாம் உதிர்ந்து கிடந்தது. வெட்டு மேலிருந்து சாய்வாக இருந்ததால் சித்தப்பாவின் துரட்டி என்று தெரிந்துகொண்டேன். ஒரு வருடமாகப் படித்த பாடங்களை எல்லாம்விட அந்த மூன்று மைலில் நான் வேகமாகப் படித்தேன்.

நாய்தான் முதலில் வந்தது. என்னைப் பார்த்துக் குரைத்தது. நான் தூக்கி வளர்த்த நாய். பேர் சொல்லிக் கூப்பிட்டும் அடங்கவில்லை. பக்கத்தில் வந்து சட்டையை மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் குரைத்தது. சோப்பு வாடை. சட்டையைக் கழற்றிப் பையில் வைத்த பிறகுதான் வாலை ஆட்டியது.

ஆடு மேய்த்த அறிவு பள்ளியில் உதவியதா?

ஒரு தடவை உதவப் பார்த்தது. எட்டாம் வகுப்பில் அசைபோடும் விலங்குகள் பாடம். இரைப்பையில் நான்கு அறை. வாத்தியார் போர்டில் நான்கு வட்டம் போட்டார். கையைத் தூக்கி, இரண்டாவது தேன்கூடு மாதிரி இருக்கும், மூன்றாவது புத்தகம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் என்றேன். அது சரியான தகவல். எங்கே படித்தாய் என்று கேட்டார். படிக்கவில்லை, அறுத்துக் கழுவியிருக்கிறேன் என்றேன். வகுப்பே சிரித்தது. "புக்குல இருக்கிறத மட்டும் சொல்லு" என்று உட்கார வைத்தார்.

பல்லைப் பிடித்துப் பார்த்து ஆட்டின் வயசு சொல்ல எனக்குத் தெரியும். இரண்டு பல் என்றால் ஒன்று, ஒன்றரை வயசு. நாலு பல், ஆறு பல், கடைசியில் எட்டும் சேர்ந்தால் நாலு வயசுக்கு மேல். மழைக்குப் பிறகு துளிர்க்கும் இளம்புல்லில் ஆட்டை அவசரப்பட்டு விட்டால் துள்ளுமாரி வந்து துள்ளி விழுந்து சாகும், அதுவும் நல்ல கொழுத்த ஆடுதான் முதலில் போகும் என்று தெரியும். சினை ஐந்து மாசம் என்று தெரியும். இதில் ஒன்றுக்கும் மார்க் கிடையாது. கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு இதே விஷயங்களுக்கு மார்க் உண்டு என்று பின்னால் தெரிந்தது.

இருந்தாலும், அந்தக் கண்டிப்புதானே உங்களை ஆளாக்கியது?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பெரும்பாலும் கேள்வியாகவே வராது, "அடியாத மாடு படியாது" என்று பழமொழியோடு வரும்.

எங்கள் பக்கத்துக் கிடைகளிலிருந்து அந்த வருடம் நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். என்னைவிட மற்ற மூன்று பேருக்கும் அடி அதிகம். மூன்று பேரும் எட்டாவதுக்குள் சுவரேறிக் குதித்து ஓடிவிட்டார்கள். பிரம்பு ஆளாக்கும் என்றால் முதலில் அவர்கள்தான் கலெக்டர் ஆகியிருக்க வேண்டும். (அவர்களில் ஒருவன் இன்று கீதாரி. அவன் ஆடுகளின் விலைக்கு என் மொத்தச் சேமிப்பும் காணாது. ஆகையால் ஓடிப்போனவன் கெட்டுப்போனான் என்றும் கதை கட்ட வேண்டாம்.)

நான் படித்து முடித்ததற்குக் காரணம் வேறு. வருடம் முழுக்க ஒரே இடத்தில் இருந்தேன். ராத்திரி படிக்க விளக்கு இருந்தது. பசி இல்லை. ஒரு தமிழாசிரியர் சனிக்கிழமைகளில் நூலக அலமாரியைத் திறந்து, எதை எடுத்தாய் என்று கேட்காமல் எடுக்க விட்டார். அவர் கையில் பிரம்பே பார்த்ததில்லை. இந்த நான்கையும் அடிக்காமலே கொடுத்திருக்க முடியும். அடித்த பழியையும் ஆளாக்கிய புகழையும் ஒரே பிரம்புக்குக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

விடுதியால் இழந்தது என்ன?

ஆட்டின் முகம். வெளியாளுக்குச் செம்மறி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எனக்கு ஒன்பது வயதில் எங்கள் குடும்பத்து ஆடு அத்தனையையும் தனித்தனியாகத் தெரியும், இன்னாரின் மகள், இன்னாரின் பேத்தி என்று. சாயங்காலம் அப்பா பட்டி வாசலில் நிற்பார். ஆடுகள் இரண்டிரண்டாக உள்ளே போகும். எண்ண மாட்டார். கடைசி ஆடு நுழைந்ததும், "கூழைவாலு மகளக் காணோம்" என்பார். போய்ப் பார்த்தால் ஏதாவது முள்ளில் மாட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் கூடாப்பைத் தூக்குவார்கள். கூடாப்பு என்பது குச்சியும் ஓலையும் வைத்துக் கட்டிய, கவிழ்த்த கூடை மாதிரியான குட்டிகளின் வீடு. நூறு குட்டி கத்திக்கொண்டு பாயும். தாய்கள் பதிலுக்குக் கத்தும். ஒரு கால் மணி நேரத்தில் ஒவ்வொன்றும் அதனதன் தாயிடம் போய் முட்டிக்கொண்டிருக்கும். தாய் சேர்க்காத குட்டியைப் பிடித்து வேறு மடியில் விடுவது என் வேலை.

ஒன்பதாம் வகுப்பு லீவில் ஒரு குட்டியைத் தவறான தாயிடம் கொண்டுபோய் விட்டேன். முட்டித் தள்ளியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து குட்டியை வாங்கிக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள்?

எனக்கு ஒரு தங்கை. அவளை அனுப்பவில்லை. குட்டிகளைப் பார்க்க, சமைக்க, தண்ணீர் சுமக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் விடுதிக்குப் போனதால் அவள் வேலை கூடியது என்பதை யாரும் பேசுவதில்லை. கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்ற பெண்கள் உண்டு உறைவிடப் பள்ளித் திட்டம் 2004இல் வந்தது. தங்கைக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள். ஆட்டின் முகம் அவளுக்கு இன்றும் மறக்கவில்லை.

கிடையில் வேலை செய்யும் பையன்கள் எல்லாம் கீதாரிகளின் பிள்ளைகள்தானா?

இல்லை, இதை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை. டெல்டாவில் ஏழைக் குடும்பங்களிடம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, அவர்களின் பிள்ளையை வருடக்கணக்கில் ஆடு மேய்க்கக் கூட்டிப்போகும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது கொத்தடிமை முறை, குற்றம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்ட பிறகு இப்படி அடமானம் போன பிள்ளைகளை அதிகாரிகள் மீட்ட செய்திகள் தொடர்ந்து வந்தன. என் பிள்ளையை விடுதியில் போட்டுவிட்டு, அவன் இடத்தில் இன்னொருவர் பிள்ளையை நிறுத்துவது படிப்புக்குக் கொடுக்கும் விலை ஆகாது. எங்கள் கிடையில் அப்படி யாராவது இருந்தார்களா என்றால், ஒருவன் இருந்தான். என் வயதுதான். நான் பெட்டி தூக்கிய அன்று அவன்தான் கழுதையை ஓட்டிவந்து பஸ் ஏற்றிவிட்டான்.

இது மாதிரி வேறு நாடுகளிலும் உண்டா?

உண்டு. நார்வே, சுவீடன் பக்கம் பனிமான் (ரெயின்டீர்) மேய்க்கும் 'சாமி' என்ற பழங்குடி மக்களின் கதை எங்களுடையதைவிடக் கொடியது. நார்வேயில் விடுதிப் பள்ளிகளில் சேர்த்து அவர்களின் தாய்மொழியையே பேச விடாமல் செய்தார்கள். சுவீடனில் தலைகீழாக, 1913இல் நாடோடிப் பள்ளி என்று தனியாக வைத்து, மேய்ப்பவன் பிள்ளை மேய்ப்பவனாகவே இருக்கட்டும் என்று குறைந்த படிப்பைக் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் நார்வே நாடாளுமன்றம் தன் நாட்டில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டது. மங்கோலியாவில் மேய்ப்பர் பிள்ளைகள் இன்றும் பள்ளி விடுதிகளில்தான் தங்கிப் படிக்கிறார்கள். எனக்கு ஒரு ஆறுதல், அடித்தாலும் என்னைத் தமிழில்தான் அடித்தார்கள்.

சரி, இப்போது பையனை விடுதியில் சேர்க்கலாமா?

சேருங்கள், ஆனால் பார்த்துச் சேருங்கள். அரசின் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். வீட்டிலிருந்து பள்ளி குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்று விதி உண்டு, பெண்பிள்ளைகளுக்கு அது கிடையாது. 

"நல்லா கண்டிப்பான எடமாப் பாருப்பா" என்று கேட்பதை மட்டும் நிறுத்துங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 17ஆவது பிரிவு பிள்ளைகளை உடம்பிலும் மனசிலும் வதைப்பதைத் தடை செய்கிறது. அடி விழுந்தால் 1098க்குப் போன் போடலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417ம் இருக்கிறது. இந்த இரண்டு நம்பரையும் பிள்ளைக்கு மனப்பாடம் பண்ணிவிட்டு அனுப்புங்கள். வாரம் ஒரு தடவையாவது பேச விடுவார்களா, யாரும் பக்கத்தில் நிற்காமல் பேச விடுவார்களா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். கழிப்பறையை நேரில் போய்ப் பாருங்கள். லீவு விட்டால் பிள்ளையைக் கிடைக்குக் கூட்டிப்போங்கள். டியூஷன் என்று டவுனிலேயே விட்டுவிட்டால் இரண்டே வருடத்தில் நாய் குரைக்கும்.

கிடைகள் இன்னும் இருக்கின்றனவா?

இருக்கின்றன, குறைந்துவிட்டன. பட்டியைச் சுற்றி ஊன்றும் படல் போய் நைலான் வலை வந்தது. கழுதை போய் மினி லாரி வந்தது. ரோடு அகலமாகி, ஆட்டோடு நடப்பது உயிர்ப்பயமாகிவிட்டது. மேய்ச்சல் புறம்போக்கில் பிளாட் கல். இயற்கை விவசாயம் என்று வந்த பிறகு கிடைக்குக் கிராக்கி கொஞ்சம் கூடியிருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய கால்நடைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக நடந்து திரியும் மேய்ப்பர்களைத் தனியாகக் கணக்கெடுத்தார்கள். 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. சித்தப்பாவிடம் சொன்னேன். "அதுக்கு ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட ஆள் அனுப்புவாங்களா?" என்று கேட்டார்.

அப்பா எதிர்பார்த்த மாதிரி கணக்கு எழுதினீர்களா?

எழுதினேன். எட்டாம் வகுப்பு லீவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு போனேன். தேதி, யார் வயல், எத்தனை மா நிலம், எத்தனை ராத்திரி, எவ்வளவு நெல், மீதி எவ்வளவு என்று கோடு போட்டு எழுதி, வயல்காரரிடம் கையெழுத்தும் வாங்குவேன். பதின்மூன்று வயசுப் பையன் நோட்டை நீட்டினால் சிலருக்குக் கோபம் வரும், போட்டுவிடுவார்கள்.

அப்பா கயிற்றை விடவில்லை. ராத்திரி ஆடுகள் படுத்த பிறகு லாந்தர் வெளிச்சத்தில் நான் நோட்டைப் படிப்பேன், அவர் முடிச்சைத் தடவிக்கொண்டே வருவார். "மொத்தம் ஒன்பது" என்பேன். "ஒன்பது" என்பார். ஒரு நாள் நான் எட்டு என்றேன், அவர் ஒன்பது என்றார். மறுபடி எண்ணினோம். நான்தான் ஒரு ராத்திரியை எழுதாமல் விட்டிருந்தேன், கிடையை விட்டு மன்னார்குடிக்குச் சினிமா பார்க்கப் போன ராத்திரி. அப்பா கயிற்றைச் சுருட்டி இடுப்பில் சொருகிவிட்டு, "எழுதிக்க" என்றார்.